ரேடார் நின்ற இடம்



மூடப்பட்ட வானிலை ரேடார் நிலையங்கள் எங்கெங்கே இருந்தன என்பதைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் அமைப்பாளர்கள் முகத்தில் ஓடிய கவலையைப் பார்த்தேன். கூட்டம் சேராது என்று நினைத்திருப்பார்கள். வெளியே மழை பிடித்துக்கொண்டதில் பலர் உள்ளே ஒதுங்கியிருக்கிறீர்கள். இன்றைய பேச்சுக்கு அது பொருத்தமான காரணந்தான்.

கழற்றி எடுத்துப்போன ஒரு கருவி எந்தக் கூரையில் நின்றது என்று தேடுவதால் யாருக்கு என்ன லாபம்? நியாயமான கேள்வி. ஒரு பழைய தொலைநோக்கி எந்த ஊரில் இருந்தது என்று தெரியாமல் போனாலும், அதன் வழியே பார்த்து வரைந்த நிலாவின் பள்ளங்கள் மாறிவிடாது. ரேடார் அப்படியில்லை. அது எதைப் பார்த்தது என்பதை அது நின்ற இடமே பெருமளவு தீர்மானிக்கிறது. முகவரி தொலைந்துபோன ரேடார் பதிவைப் படிக்கத் தெரியாமல் படித்தால் பொய்யான வானிலை வரலாறு கிடைக்கும். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் கதையும் சான்றும்.

கணக்கு எளிமையானது. ரேடார் அனுப்பும் கற்றை ஏறக்குறைய நேராகப் போகிறது. காற்றின் அடர்த்தி வேறுபாட்டால் சற்றே கீழ்நோக்கி வளைந்தாலும், பூமி அதைவிட வேகமாக வளைந்து கீழே போய்விடுகிறது. தரைமட்டத்துக்கு அரை டிகிரி மேலே நோக்கி அனுப்பினால், 100 கிலோமீட்டர் தொலைவில் கற்றையின் நடுப்பகுதி தரைக்கு மேல் ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும். 200 கிலோமீட்டரில் நான்கு கிலோமீட்டரைத் தாண்டிவிடும். கற்றையும் போகப் போக விரிகிறது. நான் பேசப்போகும் பழைய ரேடாரின் கற்றை இரண்டு டிகிரி அகலம். 200 கிலோமீட்டரில் அது ஏழு கிலோமீட்டர் அகலத்துக்குப் பரந்துவிடும். ஏழு கிலோமீட்டருக்குள் ஒரு ஊரே அடங்கும், அந்த ஊரைப் புரட்டிப்போடும் சுழல்காற்றும் அடங்கும்.

ஆகவே தாழ்வான மேகம் தொலைவில் இருந்தால் ரேடார் அதன் தலைக்கு மேலாகப் பார்த்துவிட்டுப் போய்விடும். வட அமெரிக்காவின் பேரேரிகளின் கரையில் குளிர்காலத்தில் கொட்டும் ஏரிப்பனி பெரும்பாலும் இரண்டு மூன்று கிலோமீட்டர் உயர மேகங்களிலிருந்தே விழுகிறது. நிலையத்துக்கு அருகில் இருந்த ஊரில் அது பதிவாகும். தொலைவில் இருந்த ஊரில் முழங்கால் அளவு பனி கிடக்கும், ரேடார் படமோ வெறுமையாக இருக்கும். ஐம்பது ஆண்டு கழித்து ஒரு மாணவர் அந்தப் படங்களை வைத்துக்கொண்டு இந்த ஊரில் பனி அதிகம், அந்த ஊரில் குறைவு என்று எழுதினால், அவர் எழுதியது பனியைப் பற்றியதல்ல, ரேடாருக்கும் ஊருக்கும் இடையிலான தூரத்தைப் பற்றியது.

நான் அமெரிக்காவை எடுத்துக்கொள்கிறேன். அங்கேதான் வானிலை ரேடார்கள் முதன்முதலில் நாடு தழுவிய வலையாக விரிந்தன, பிறகு ஏறத்தாழ மொத்தமாகக் கழற்றப்பட்டன. ஒரு தலைமுறைக்குள் இரண்டும் நடந்து முடிந்தன.

இரண்டாம் உலகப் போரில் ரேடார் இயக்கியவர்களுக்கு மழை ஒரு தொல்லை. எதிரி விமானத்தைத் தேடும்போது திரையில் வெள்ளையாகப் படர்ந்து மறைக்கும் சனியன். போர் முடிந்ததும் அதே தொல்லைக்காகக் கருவியைக் கேட்டு வாங்கினார்கள் வானிலைக்காரர்கள். 1946-இல் அமெரிக்கக் கடற்படை, விமானங்களில் பொருத்தப்பட்டிருந்த 25 ரேடார்களை அன்றைய வானிலைத் துறைக்குக் கொடுத்தது. அவற்றைப் பிரித்து மாற்றியமைத்து, முதலாவதை 1947-இல் வாஷிங்டன் விமான நிலையத்தில் இயக்கினார்கள். மற்றவற்றுக்கு இடம் தேடியபோது புயல் எந்த வழியாக வரும் என்பதைவிட, துறைக்கு ஏற்கெனவே மேசையும் மின்சாரமும் ஆளும் எங்கே இருக்கின்றன என்பதே முதலில் பார்க்கப்பட்டது. குற்றமாகச் சொல்லவில்லை, பணம் இல்லாத துறை வேறு எப்படிச் செய்யும்? ஆனால் இந்த விமான நிலைய வழக்கம் நாற்பது ஆண்டு நீடித்தது. பழைய நிலையங்களைத் தேடுகிறவர் முதலில் ஊரின் விமான நிலையத்தைப் பார்ப்பது அதனால்தான்.

இந்தக் காலத்தின் மிகப் பெரிய கண்டுபிடிப்பு வானிலைத் துறைக்குச் சொந்தமில்லாத ஒரு ரேடாரில் நடந்தது. இல்லினாய் மாநிலத்தில் சாம்பெய்ன் நகருக்கு அருகே வில்லார்டு விமான நிலையம். அங்கே மாநில நீர் ஆய்வு நிறுவனம் மழையை அளப்பதற்காக ஒரு பழைய போர்க்கால ரேடாரை வைத்திருந்தது. 1953 ஏப்ரல் 9 அன்று டொனால்டு ஸ்டாக்ஸ் என்ற மின்பொறியாளர் அதைச் சோதித்துக்கொண்டிருந்தார். வடக்கே போய்க்கொண்டிருந்த இடிமேகத்தின் எதிரொலியில் ஓர் ஓரம் நீண்டு, வளைந்து, தூண்டில் முள்ளைப்போல் திரும்பியது. அவர் இயந்திரத்தை அணைக்கவில்லை. திரையைப் படம்பிடிக்கும் கேமராவை ஓடவிட்டார். அந்த வளைவின் கீழே டொர்னாடோ என்னும் சுழல்காற்று தரையைத் தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு டொர்னாடோ ரேடாரில் இவ்வாறு பதிவானது அதுவே முதல்முறை. இன்றும் உலகெங்கும் முன்னறிவிப்பாளர்கள் தேடும் கொக்கி எதிரொலி அந்தப் படச்சுருளிலிருந்து வந்தது.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் ஸ்டாக்ஸின் கூர்மையைப் பாராட்டுவார்கள். பாராட்ட வேண்டியதுதான். நான் கூடவே தூரத்தைப் பார்க்கச் சொல்வேன். அந்த மேகம் ரேடாருக்குப் பக்கத்தில் போனது. அதே மேகம் 150 கிலோமீட்டர் தள்ளிப் போயிருந்தால் கொக்கி தெரிந்திருக்காது, ஒரு மொத்தையான வெள்ளைத் திட்டு தெரிந்திருக்கும். அதற்கு முந்தைய ஆண்டுகளின் ரேடார் படங்களில் கொக்கிகள் இல்லை என்றால், மேகங்களில் அந்த வடிவம் இல்லை என்று அர்த்தமாகாது.

ஒரு மாதம் கழித்து, 1953 மே 11 அன்று டெக்சாஸின் வேக்கோ நகரில் ஒரு டொர்னாடோ 114 பேரைக் கொன்றது. டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகமும் வானிலைத் துறையும் சேர்ந்து, உள்ளூர் நகரங்களின் பணத்தையும் திரட்டி, மிச்சமிருந்த போர்க்கால ரேடார்களைச் சரிசெய்து மாநிலத்துக்கென ஒரு வலையை அமைத்தன. 1956 ஏப்ரல் 5 அன்று அந்தப் பல்கலைக்கழக ரேடாரில் தெரிந்ததை வைத்து பிரையன், காலேஜ் ஸ்டேஷன் ஊர்களுக்கு டொர்னாடோ எச்சரிக்கை விடப்பட்டது. ரேடாரை மட்டும் நம்பி விடப்பட்ட முதல் எச்சரிக்கை அது என்று சொல்வார்கள்.

தேசிய அளவில் பணம் வந்தது டொர்னாடோவால் அல்ல, கடற்புயலால். 1954-இல் கரோல், எட்னா, ஹேசல். 1955-இல் கோனி, டயேன். ஒன்றன்பின் ஒன்றாகக் கிழக்குக் கரையை அடித்தன. அடி வாங்கியவை செல்வாக்குள்ள மாநிலங்கள். நாடாளுமன்றம் பணத்தை ஒதுக்கியது. வானிலைக்கென்றே வடிவமைத்த ரேடார் துறைக்குக் கிடைத்தது: டபிள்யூ.எஸ்.ஆர்-57. பெயரில் 57 இருந்தாலும் முதல் கருவி மயாமியில் 1959-இல்தான் இயங்கத் தொடங்கியது. அரசுக் கொள்முதல் எல்லா நாட்டிலும் ஒரே வேகந்தான். 10 சென்டிமீட்டர் அலைநீளம், 12 அடி விட்டமுள்ள தட்டு. அலைநீளம் ஏன் முக்கியம் என்றால், 3 சென்டிமீட்டர் ரேடாரின் அலை கனமழைக்குள் நுழைந்ததும் வலுவிழந்துவிடும். முன்னால் நிற்கும் மழை பின்னால் வரும் புயலை மறைத்துவிடும். 10 சென்டிமீட்டர் அலை ஊடுருவிப் போகும். பழைய நிலையத்தின் இடத்தோடு அதன் வகையையும் எழுதி வைக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

அந்த வலையின் பெயர்களை வரைபடத்தில் தொடர்ந்து படித்தால் கடற்கரையின் உருவமே வரும்: கேப் ஹேட்டரஸ், வில்மிங்டன், சார்ல்ஸ்டன், டேடோனா பீச், மயாமி, கீ வெஸ்ட், டாம்பா, அப்பலாச்சிகோலா, பென்சகோலா, லேக் சார்ல்ஸ், கால்வெஸ்டன், பிரவுன்ஸ்வில். பிறகு உள்நாட்டுச் சமவெளியில் விச்சிட்டா, அமரில்லோ என்று பரவியது.

கால்வெஸ்டன் தனியாகச் சொல்ல வேண்டிய ஊர். 1900-இல் ஒரு புயல் அந்தத் தீவு நகரத்தில் ஆறாயிரத்துக்குக் குறையாத உயிர்களைக் கொண்டுபோனது. 1961 செப்டம்பரில் கார்லா என்ற ஹரிக்கேன் மெக்சிகோ வளைகுடா வழியாக டெக்சாஸை நோக்கி வந்தது. ஹூஸ்டன் தொலைக்காட்சி ஒன்றில் வேலை பார்த்த டான் ராதர் என்ற இளைஞர் தன் கேமராக் குழுவைக் கால்வெஸ்டன் வானிலை அலுவலகத்துக்கு அழைத்துப்போனார். ரேடார் திரையில் தெரிந்தது புரியாத வெள்ளைச் சுழல். கண்ணாடிபோன்ற ஒரு தாளில் கரையோரத்தின் கோட்டை வரைந்து தரச்சொல்லி, அதைத் திரையின் மேல் வைத்துக் காட்டினார். சுழல் எவ்வளவு பெரியது என்பது வீட்டில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அப்போதுதான் உறைத்தது. லட்சக்கணக்கான மக்கள் கரையை விட்டு வெளியேறினார்கள். ராதர் பின்னாளில் நாடறிந்த செய்தியாளர் ஆனார். அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் பலருண்டு. எனக்கு வேண்டியது அந்தத் தாள். ரேடார் எங்கே நிற்கிறது என்று தெரிந்ததால்தான் கரைக்கோட்டைத் திரையின் மேல் சரியாகப் பொருத்த முடிந்தது. இடம் தெரியாவிட்டால் அந்தச் சுழல் எந்த ஊருக்கு மேலே என்று சொல்ல வழியில்லை.

ரேடார் அறைக்குள் வேலை எப்படி நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்று கைப்பேசியில் வண்ண வண்ணமாக ரேடார் படம் பார்க்கிறவர்களுக்கு அது புரியாது. இருட்டறை. வட்டத் திரையில் ஒரு கோடு சுற்றிக்கொண்டே இருக்கும். கோடு போன இடத்தில் மழை மங்கலாக ஒளிர்ந்து அணையும். பணியில் இருப்பவர் மெழுகுப் பென்சிலால் எதிரொலிகளைக் கோடிட்டு, எந்தத் திசை, எத்தனை மைல், எவ்வளவு உயரம் என்று அளந்து, சங்கேத வரிகளாக்கி தொலையச்சில் அனுப்புவார். மழை எவ்வளவு கனம் என்பதை ஆறு படிகளாகப் பிரித்துக் காட்டும் மின்னணுப் பெட்டி பின்னால்தான் வந்தது. அதற்கு முன் மனிதக் கண்ணின் மதிப்பீடுதான். மாடத்தில் நின்ற ஆன்டெனாவை எந்த உயரத்துக்குச் சாய்ப்பது என்பதும் அவர் கையில். எனவே இரண்டு நிலையங்களின் பதிவுகளை ஒப்பிடும்போது நாம் இரண்டு இயந்திரங்களை மட்டும் ஒப்பிடவில்லை. இரண்டு பேரின் பழக்கத்தையும் ஒப்பிடுகிறோம்.

திரையைப் படம்பிடித்த சுருள்கள் வட கரோலினாவின் ஆஷ்வில் நகரிலுள்ள தேசியக் காலநிலை ஆவணக் காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. தேடல் அங்கேதான் சுவையாகிறது. சுருளில் ஊர்ப் பெயர் இருக்கும், கூரை இருக்காது. மயாமி என்று எழுதியிருக்கும். மயாமி என்றால் எது? தேசிய ஹரிக்கேன் மையம் 1964-இல் மயாமி பல்கலைக்கழக வளாகத்துக்குப் போனது. 1970-களின் இறுதியில் கோரல் கேபிள்ஸ் பகுதியில் ஓர் அடுக்குமாடி அலுவலகக் கட்டடத்துக்குக் குடிபோனது. 1995-இல் இன்னொரு பல்கலைக்கழக வளாகத்தில் சொந்தக் கட்டடம் கட்டிக்கொண்டது. பட்டியலில் எல்லாமே மயாமிதான். பழைய பட்டியல்களில் அட்சரேகையும் தீர்க்கரேகையும் கலை அளவோடு நின்றுவிடுவது வழக்கம். ஒரு கலை, அதாவது டிகிரியின் அறுபதில் ஒரு பங்கு, என்றால் அட்சரேகையில் 1.85 கிலோமீட்டர். அந்த வித்தியாசத்தில் கூரை மாறிவிடும், உயரம் மாறிவிடும், பக்கத்திலுள்ள கட்டடம் எந்தத் திசையை மறைக்கிறது என்பதும் மாறிவிடும்.

இதைத் தீர்க்கச் சில வழிகள் உண்டு. பழைய வான்வழிப் புகைப்படங்களில் ஆன்டெனாவை மூடி வெள்ளைக் கோளமாகத் தெரியும் ரேடோமைத் தேடலாம். அந்தந்த ஆண்டுத் தொலைபேசிக் கையேட்டில் வானிலை அலுவலகத்தின் தெருவைப் பார்க்கலாம். எனக்கு மிகவும் பிடித்த வழி வேறொன்று. மழையில்லாத நாளிலும் ரேடார் திரை வெறுமையாக இருக்காது. சுற்றியுள்ள குன்றுகளும் உயரமான கட்டடங்களும் தண்ணீர்த் தொட்டிகளும் நிலையான எதிரொலிகளாக மினுங்கும். சென்னையில் என்றால் பரங்கிமலையும் பல்லாவரம் குன்றுகளும் அப்படி விழும். இயக்குபவருக்கு அது குப்பை. இடத்தைத் தேடுகிறவருக்கு அது கைரேகை. ஒரு குன்று வடமேற்கே 20 மைலில், இன்னொன்று தெற்கே 12 மைலில் என்று இருந்தால், வரைபடத்தில் அந்த இரண்டு அளவும் ஒரே புள்ளியில்தான் பொருந்தும். சுருளின் நடுவில் திடீரென்று ஒரு நாள் அந்தக் கைரேகை நகர்ந்தால், ரேடார் இடம்பெயர்ந்துவிட்டது. அரசாணை கிடைக்காவிட்டாலும் தேதி கிடைத்துவிட்டது.

மயாமி ரேடாருக்கு வந்த முடிவு எல்லோருக்கும் தெரிந்தது. 1992 ஆகஸ்ட் 24 விடியற்காலை ஆண்ட்ரூ புயல் தெற்கு புளோரிடாவில் கரையேறியது. முன்னறிவிப்பாளர்கள் அதை ரேடாரில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஐந்து மணிக்குச் சற்று முன், அவர்கள் தலைக்கு மேல் கூரையிலிருந்த ரேடோமும் ஆன்டெனாவும் பிய்த்தெறியப்பட்டன. கட்டடமே அதிர்ந்தது. அண்டை நிலையங்களின் ரேடார்கள் தொடர்ந்து புயலைப் பார்த்தன. தூரம் அதிகம், ஆனால் பார்த்தன. முப்பத்து மூன்று ஆண்டு முன் தொடங்கிய வலையின் முதல் நிலையம் இப்படி ஓய்வு பெற்றது. மற்றவை இவ்வளவு ஆரவாரமில்லாமல் போயின. கடைசி டபிள்யூ.எஸ்.ஆர்-57 சார்ல்ஸ்டனில் 1996 டிசம்பரில் அணைக்கப்பட்டது. 1989-இல் ஹ்யூகோ புயல் அந்த நகருக்கு அருகே கரையேறியபோது அதைக் கண்காணித்த கருவி அது. கடைசி ஆண்டுகளில் இந்தக் கருவிகளுக்கு வால்வு கிடைப்பதே பாடு. சில உதிரிபாகங்களைச் சொல்லிச் செய்விக்க வேண்டியிருந்தது.

புதிதாக வந்தது டாப்ளர் ரேடார், டபிள்யூ.எஸ்.ஆர்-88டி. மழை எங்கே என்பதோடு, காற்று நம்மை நோக்கி வருகிறதா விலகிப் போகிறதா என்பதையும் சொல்லும். தட்டு 28 அடி, கற்றை ஒரு டிகிரிக்கும் குறைவு. 1990-களில் சுமார் 160 இடங்களில் நிறுவினார்கள். இம்முறை இடத்தை யோசித்தே தேர்ந்தெடுத்தார்கள். நகரத்துக்குள்ளேயே வைத்தால், தலைக்கு நேர் மேலுள்ள வானத்தை ரேடார் பார்க்க முடியாது. ஆகவே பல இடங்களில் ஊரிலிருந்து தள்ளி வைத்தார்கள். டேடோனா பீச்சின் வேலை மெல்போர்னுக்கும், அப்பலாச்சிகோலாவின் வேலை டலஹாசிக்கும், கேப் ஹேட்டரஸின் வேலை கரையில் உள்ளடங்கிய நியூபோர்ட்டுக்கும் போயிற்று. இருநூற்றுக்கு மேற்பட்ட வானிலை அலுவலகங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன.

சிறிய ஊர்க்காரர்கள் சும்மா இருக்கவில்லை. எங்கள் ஊர் ரேடாரை எடுத்துக்கொண்டு, நூறு மைல் தள்ளிப் பெரிய ரேடார் வைத்தால் அது எங்கள் தலைக்கு மேலே எதைப் பார்க்கும் என்று கேட்டார்கள். மூடிய அலுவலகத்தைப் பற்றிய வெறும் உள்ளூர்ப் பாசம் என்று தலைநகரத்தில் சிலர் நினைத்திருக்கலாம். நான் முதலில் சொன்ன கணக்கைத்தான் அவர்கள் பாமர மொழியில் கேட்டார்கள். 1992-இல் இயற்றிய சட்டம், ஓர் அலுவலகத்தை மூடுவதற்கு முன் அந்தப் பகுதிக்கான சேவை குறையாது என்று சான்றளிக்க வேண்டும் என்றது. தேசிய ஆய்வு மன்றத்தின் குழு ஒன்று பழைய ரேடார்கள் எதையெல்லாம் பார்த்தன, புதியவை எதையெல்லாம் பார்க்கும் என்று ஊர் ஊராக ஒப்பிட்டது. அதன் தொடர்ச்சியாக வட இந்தியானா, வட அலபாமா, மேற்கு ஆர்கன்சா ஆகிய மூன்று பகுதிகளுக்குக் கூடுதல் ரேடார் தர முடிவாயிற்று. அலபாமாவில் அது ஹைடாப் என்ற சிற்றூரின் குன்றுமேல் நிற்கிறது. மூடிய நிலையம் எங்கே, எவ்வளவு உயரத்தில் நின்றது என்ற பழைய விவரம் இல்லாமல் இந்த ஒப்பீட்டைச் செய்திருக்க முடியாது. பசிபிக் கரையில் வாஷிங்டன் மாநிலத்தின் லாங்லி ஹில்லுக்கு ரேடார் வர 2011 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் மலைகளுக்கு அப்பால் கடலிலிருந்து வந்த மழையை உள்நாட்டு ரேடார்களால் சரியாகப் பார்க்க முடியவில்லை.

நம் கரையைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தியாவில் 1954-இல் கொல்கத்தா டம்டம் விமான நிலையத்தில் இடிமழை காணும் ரேடார் வந்தது. புயலைத் தொலைவிலேயே காணும் 10 சென்டிமீட்டர் ரேடார் முதலில் விசாகப்பட்டினத்தில் 1970-இல் வந்தது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் கரையேறியபோது, கிழக்குக் கரையில் அத்தகைய ரேடார் ஒன்றுகூட இல்லை. கால்வெஸ்டன் திரையைத் தொலைக்காட்சியில் காட்டி மூன்று ஆண்டு ஆகியிருந்தது. பிறகு சென்னை, காரைக்கால், மசூலிப்பட்டினம், பாரதீப் என்று வரிசை வளர்ந்தது. 2002-இல் சென்னைத் துறைமுகத்தின் நூற்றாண்டுக் கட்டட உச்சியில் டாப்ளர் ரேடார் வந்து, பழைய தலைமுறை விலகத் தொடங்கியது.

அந்தப் பழைய தலைமுறையை இயக்கியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். மாணவர்களுக்கு நான் கொடுக்கும் வேலை இதுதான்: அவர்களைப் போய்ப் பாருங்கள். புயல் நினைவுகளை அவர்களே சொல்வார்கள், கேட்க வேண்டியதில்லை. நீங்கள் கேட்க வேண்டியவை சலிப்பூட்டும் கேள்விகள். ஆன்டெனா கடல்மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர்? எந்தத் திசையில் எந்தக் கட்டடம் மறைத்தது, அது எந்த ஆண்டு எழும்பியது? மழையில்லாத நாளில் திரையில் எவை மினுங்கின? கருவி எப்போதாவது இடம் மாறியதா, மாறியது எந்த மாதம்? படச்சுருள்கள் எந்த அலமாரியில் இருந்தன, அலமாரியை யார் எடுத்துப்போனார்கள்?

மழை விட்டதுபோல் தெரிகிறது. கேள்விகள் இருந்தால் கேளுங்கள், இல்லாவிட்டால் தேநீர் காத்திருக்கிறது என்று சொல்கிறார்கள்.